தாளில் எழுந்த ஆலயங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், 1950களில் கட்டப்பட்ட ஆலயத்தின் கூரையில் நீர் கசியத் தொடங்கியது. பீடத்துக்கு நேர் மேலே ஒரு வெடிப்பு நீண்டு கிடந்தது. பார்வையிட வந்த பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்க்கும் முன்பே, "ஃபாதர், கோயில் கட்டும்போது போட்ட பிளான் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லாமலா போகும் என்ற துணிவில் பங்கு இல்லத்து இரும்புப் பீரோவைத் திறந்தோம். திருமுழுக்குப் பதிவேடுகள் முதல் ஆண்டிலிருந்து ஒன்றுகூட விடுபடாமல் இருந்தன. திருமண ஓலைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அடிக்கல் நாட்டு விழாவின் அழைப்பிதழ் இருந்தது. ஆயர் பெருந்தகை கையில் கரணையுடன் நிற்கும் நிழற்படம் இருந்தது. நன்கொடை தந்தோர் பட்டியல் ரூபாய், அணா, பை கணக்குடன் இருந்தது. திறப்பு விழா அன்று எத்தனை மூட்டை அரிசி பொங்கினார்கள் என்ற குறிப்பும் இருந்தது. ஆலயத்தின் வரைபடம் மட்டும் இல்லை.

வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவரைக் கேட்டோம். "அது கொத்தனார் கையிலேயே இருந்தது சாமி. அவர் பெட்டியிலே வைத்திருந்தார். அவர் போன பிறகு பிள்ளைகள் அந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள்" என்றார். "அப்படியானால் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்" என்றார் பொறியாளர். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், ஞானத் தாய் தந்தையர் பெயரையும் அழியாமல் காத்து வந்த அதே பங்கு, தன் ஆலயத்தின் கடைக்கால் எத்தனை அடி என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

அன்று உண்டான வருத்தமே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு கட்டடத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பு எத்தனையோ தாள்கள் பிறக்கின்றன. எத்தனை பேர் அமர வேண்டும், பீடம் எத்திசை நோக்க வேண்டும் என்ற தேவைக் குறிப்பு; நில அளவைப் படம்; மண் பரிசோதனை முடிவு; பென்சிலால் போட்டுப் போட்டு அழித்த முதல் கோட்டோவியங்கள்; அவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளிய கூட்டத்தின் முடிவு; மதிப்பீடு; ஒப்புதல் கடிதம். கட்டடம் எழுந்ததும் இவை யாவும் குப்பை என்று எண்ணுகிறோம். நம் திருச்சபையின் பெரிய ஆலயங்களின் வரலாற்றைப் புரட்டினால், அந்தக் குப்பைதான் பல நூற்றாண்டுகள் கழித்து ஆலயத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அது இல்லாத இடத்தில் பெரிய மேதைகளும் இருட்டில் தடவியிருக்கிறார்கள்.

குருமட நாள்களில் விடுதலைப் பயண நூலைப் படித்தபோது நாம் சலித்துக்கொண்டதுண்டு. 25ஆம் அதிகாரம் முதல் 31 வரை உடன்படிக்கைப் பேழை, மேசை, விளக்குத் தண்டு, கூடாரத்தின் திரைகள், சட்டங்கள், அவற்றின் முழக் கணக்கு என்று விரிந்து செல்கிறது. பிறகு பொற்கன்று நிகழ்ச்சி வந்து போகிறது. மீண்டும் 35 முதல் 40 வரை அதே பேழை, அதே மேசை, அதே முழக் கணக்கு! குருத்துவ மரபின் நடை அது என்று பேராசிரியர் விளக்கம் தந்தார். எங்களில் பலர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தோம். பொறியாளர் கேட்ட கேள்விக்குப் பின்புதான் அந்த இரட்டிப்பின் பொருள் நமக்கு வேறு வகையில் விளங்கிற்று. முதலாவது, செய்ய வேண்டியது. இரண்டாவது, செய்து முடித்தது. இரண்டும் எழுத்தில் இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். 39ஆம் அதிகாரத்தின் இறுதியில் மோசே அதைத்தான் செய்கிறார்: எல்லா வேலைகளையும் பார்வையிட்டு, சொன்னபடியே செய்திருப்பதைக் கண்டு, அதன் பிறகே ஆசி வழங்குகிறார்.

குறிப்பேடு முதல் நூலின் 28ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. கோவிலைக் கட்டும் பேறு தாவீதுக்கு இல்லை. ஆயினும் முன்மண்டபம், கட்டடங்கள், கருவூல அறைகள், மேலறைகள், உள்ளறைகள், குருக்களின் பிரிவுகள், ஒவ்வொரு விளக்குத் தண்டுக்கும் வேண்டிய பொன்னின் எடை என்று வரிசையாக எழுதிய திட்டத்தை மகன் சாலமோனிடம் ஒப்படைக்கிறார். திட்டமிட்டவர் வேறு, கட்டுபவர் வேறு. அவ்விருவருக்கும் இடையே நிற்பது அந்த எழுத்து மட்டுமே. பங்குத்தந்தையர் மாறுதலாகிச் செல்லும் நம் நாளில் இக்காட்சி மிகவும் பழக்கமானதாகவே தோன்றுகிறது.

ஐரோப்பாவில் நடு நூற்றாண்டுகளின் தொடக்கத்திலிருந்து நம் கைக்கு வந்திருக்கும் பெரிய கட்டட வரைபடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு துறவற மடத்தின் வரைபடம். ஏறத்தாழ 820க்கும் 830க்கும் இடையில் ரைக்கெனாவு மடத்தில் வரையப்பட்டு, இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள புனித கால் மடத்தின் தலைவர் கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பப்பட்டது அது. பதப்படுத்திய தோல்கள் ஐந்தைத் தைத்து இணைத்து, அதன்மேல் கோவில், துயிலறை, நோயாளர் இல்லம், பள்ளி, அப்பம் சுடும் கூடம், மூலிகைத் தோட்டம், கோழிக்கும் வாத்துக்கும் தனித்தனிக் கூடுகள் வரை வரைந்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் நட வேண்டிய பழ மரங்களுக்கும் பெயர் எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தில் உள்ளபடியே அந்த மடம் கட்டப்படவில்லை. அப்படியானால் அது எப்படிப் பிழைத்தது? 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி, நல்ல தோல் வீணாகக் கிடக்கிறதே என்று அதன் பின்புறத்தில் புனித மார்ட்டின் வரலாற்றை எழுதினார். இடம் போதாமல், முன்புறத்து மூலையில் இருந்த ஒரு கட்டடத்தையே சுரண்டிவிட்டு வரலாற்றின் கடைசிப் பகுதியை அங்கே எழுதி முடித்தார். புனிதரின் வரலாறு என்பதால் நூலகத்தில் மடித்து வைத்தார்கள். புனிதரின் முதுகில் ஏறி வரைபடமும் வந்து சேர்ந்தது. ஆவணத்தைக் காத்தது மனிதரின் ஒழுங்கு என்று சொல்லுவதற்கில்லை.

கொலோன் பேராலயத்தின் கதையோ இதைவிட நீளமானது. நாம் சற்று நின்று நோக்க வேண்டிய கதை.

1164இல் மூன்று ஞானிகளின் திருப்பண்டங்கள் மிலான் நகரிலிருந்து கொலோனுக்குக் கொண்டுவரப்பட்டன. திருப்பயணிகள் திரண்டனர், பழைய பேராலயம் போதவில்லை. 1248 ஏப்ரலில் அது தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, பேராயர் கொன்ராடு புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கெர்ஹார்டு என்பவர் முதல் தலைமைச் சிற்பி. 1322இல் பீடப் பகுதி நேர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1280ஆம் ஆண்டளவில், ஆலயத்தின் மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரங்களும் எப்படி அமைய வேண்டும் என்பதை ஒரு பெரிய வரைபடமாகத் தோலில் மையால் வரைந்து வைத்தார்கள். உயரம் 4 மீட்டருக்கும் மேல்! இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான அந்தத் தோலில் சாளரங்களின் கல் பின்னல், சிறு கோபுரங்கள், உச்சியின் கல் மலர் வரை யாவும் கோடு கோடாக உள்ளன. அக்காலத்து வரைபடங்களில் அடி அங்குலக் கணக்கு எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. கவராயத்தால் வட்டமும் வில்லும் இட்டு, விகிதத்தாலேயே எல்லாவற்றையும் சொல்லுவார்கள். எனவே ஒரு தலைமுறைச் சிற்பி வரைந்ததை அடுத்த தலைமுறைச் சிற்பி படிக்க முடிந்தது.

பணம் குறைந்தது, காலம் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றே போயிற்று. தெற்குக் கோபுரம் முடிவுறாமல் நின்றது. அதன் தலையில் கல் ஏற்றும் மரப் பளுதூக்கி ஒன்று இறக்கப்படாமலே கிடந்தது. ஒரு நாள் இரு நாள் அன்று, ஏறத்தாழ 400 ஆண்டுகள்! நகரின் ஓவியங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பளுதூக்கி தெரிகிறது. பேரக் குழந்தைகளின் பேரக் குழந்தைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். தொடங்கிய வேலையை முடிக்காத மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் சொன்ன உவமையை அந்நகர மக்கள் எத்தனை ஞாயிறுகளில் அக்கோபுரத்தின் நிழலில் நின்று கேட்டிருப்பார்கள்!

1794இல் பிரெஞ்சுப் படைகள் நெருங்கியபோது, பேராலயக் குருக்கள் குழுவினர் தம் ஆவணங்களை எடுத்துக்கொண்டு ரைன் ஆற்றைக் கடந்தார்கள். பேராலயம் படையினரின் தீவனக் கிடங்காயிற்று. முகப்பு வரைபடம் அமோர்பாக் என்னும் பெனடிக்ட் சபை மடத்தின் நூலகத்தில் தஞ்சமடைந்தது. சில ஆண்டுகளில் அந்த மடமும் கலைக்கப்பட்டது. அதன் உடைமைகள் சிதறின. வரைபடம் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

1814. டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரண். அங்கே விரித்துக் கிடந்த பழைய தோலின் மேல் அவரைக்காய் விதைகளைக் காய வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தோலில் ஏதோ கோபுரம் தெரிகிறதே என்று கண்டவர்கள் கட்டடக் கலைஞர் கேயோர்க் மோலரிடம் அதைச் சேர்ப்பித்தார்கள். அது கொலோன் முகப்பின் ஒரு பாதி என்பதை மோலர் அறிந்துகொண்டார். மற்றப் பாதி? கொலோனில் பிறந்தவரும் பல ஆண்டுகளாக அந்தப் பேராலயத்தை அளந்து அளந்து வரைந்து வந்தவருமான சுல்பிட்ஸ் புவாசெரே, 1816இல் பாரிஸ் நகரில் அதைக் கண்டெடுத்தார். ஒரு பாதி ஜெர்மனியில், மறு பாதி பிரான்சில். இரண்டையும் சேர்த்து வைத்தபோது கோடுகள் பொருந்தின.

நாம் இந்த இடத்தில் வாசகரிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். அந்த விடுதிக்காரர் விதைகளைச் சாக்கில் காய வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோபுரங்கள் எப்படியும் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் மக்கள் வேண்டிய கோபுரங்களாக அவை இருந்திரா. இதற்கு அதே பேராலயத்திலேயே சான்று உண்டு. குறுக்கு மண்டபத்தின் தெற்கு முகப்புக்குப் பழைய வரைபடம் கிடைக்கவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் தலைமைச் சிற்பி சுவிர்னர் அதைத் தாமாகவே வடிவமைத்தார். அழகாகத்தான் செய்தார். இருப்பினும் மேற்கு முகப்பின் முன் நிற்பவர் முன்னோரின் மனத்தைக் காண்கிறார். தெற்கு முகப்பின் முன் நிற்பவர் சுவிர்னரின் மனத்தைக் காண்கிறார்.

ஆலயத்தை முடிக்க வேண்டும் என்ற கத்தோலிக்க எழுத்தாளர் யோசேப்பு கொரெஸின் அழைப்பு 1814ஆம் ஆண்டிலேயே எழுந்தது. 1842 செப்டம்பர் 4ஆம் நாள், பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் மீண்டும் ஒரு கல்லை நாட்டினார். அவர் புரோட்டஸ்டாண்டு மரபினர் என்பது குறிக்கத்தக்கது. பொதுமக்கள் சங்கம் அமைத்துக் காசு திரட்டினார்கள். 1868இல் அந்தப் பழைய பளுதூக்கி இறக்கப்பட்டது. 1880 அக்டோபர் 15 அன்று 157 மீட்டர் உயரக் கோபுரங்களின் நிறைவு விழா நடந்தது. அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் பூசல் நிலவிய காலம் அது. பேராயர் மெல்கெர்ஸ் நாடு கடந்து வாழ்ந்தார். தம் பேராலயம் நிறைவு பெற்ற விழாவில் அவர் இல்லை. அடிக்கல்லிலிருந்து 632 ஆண்டுகள். அந்தப் பழைய தோல் இன்றும் பேராலயத்துச் சிற்றாலயம் ஒன்றில், வெளிச்சம் படாதபடி திரைக்குப் பின்னால் தொங்குகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரைபடம் உருவத்தைச் சொல்லிற்றே அன்றி, கட்டும் முறையைச் சொல்லவில்லை. கூரைக்கு மரத்துக்குப் பதில் இரும்புச் சட்டங்களை 19ஆம் நூற்றாண்டினர் பயன்படுத்தினார்கள். முன்னோர் எழுதாத இடத்தில் பின்னோர் தம் அறிவைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். எதை எழுதியாயிற்று, எதை எழுதவில்லை என்பது தெளிவாகத் தெரிந்ததால் அது இயன்றது.

இந்தத் தெளிவுக்குப் பெயர் பெற்ற நகரம் பிளாரன்ஸ். அங்கே மலர்களின் புனித மரியா பேராலயத்தை 1296இல் தொடங்கினார்கள். 1367இல் பல திட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செங்கல் மாதிரியாகக் கட்டி வைத்தார்கள். மற்ற மாதிரிகளை அழிக்கச் சொன்னார்கள். திருப்பணிப் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் விவிலியத்தின் மீது கை வைத்து, அந்த மாதிரியினின்று வழுவ மாட்டோம் என்று ஆணையிட்டார்கள். நம் பங்குப் பேரவையில் இப்படி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் முன்வருவார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

ஆனால் அந்த மாதிரியில் ஒரு சிக்கல் இருந்தது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு குவிமாடத்தை அது காட்டியது. அதை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1418இல் போட்டி அறிவித்தார்கள். பிலிப்போ புருனெல்லெஸ்கி, அடியில் மரச் சாரம் கொடுத்துத் தாங்காமலே கட்டலாம் என்றார். மனிதர் தம் நுட்பத்தை எளிதில் எவரிடமும் காட்டாதவர். அவர் கையால் வரைந்த குவிமாட வரைபடம் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. திருப்பணிக் குழுவோ எழுத்தில் கேட்டது. 1420இல் பன்னிரண்டு கூறுகளாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது: உள் ஓடு எத்தனை முழம், வெளி ஓடு எத்தனை முழம், 24 விலாக்கள் எங்கெங்கே, கல் வளையங்கள் எங்கெங்கே, இரு ஓடுகளுக்கும் இடையே படிகள் எப்படி என்று. அதில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி கடைசியில் வருகிறது. 30 முழ உயரத்துக்கு மேல் எப்படிக் கட்டுவது என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம். கட்டும் அனுபவமே அதைக் கற்றுத் தரும் என்ற கருத்தை எழுதியே வைத்துவிட்டார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று ஆவணத்திலேயே பதிவு செய்ய எவ்வளவு துணிவு வேண்டும்! பிறகு 1422இலும் 1426இலும் திருத்தங்கள் எழுதிச் சேர்க்கப்பட்டன. எடையைக் குறைக்க, முதலில் எண்ணியதைவிடத் தாழ்வான உயரத்திலேயே கல்லை விட்டுச் செங்கல்லுக்கு மாறினார்கள். பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதவில்லை. முதல் எண்ணம் இது, மாறிய எண்ணம் இது என்று இரண்டும் நிற்கின்றன. 1436இல் குவிமாடம் நிறைவுற்றது. மேதையின் வாய் மூடியிருந்தபோதிலும் அலுவலகத்தின் பேனா ஓய்ந்திருக்கவில்லை; நாம் இன்று அந்தக் குவிமாடத்தைப் பற்றி அறிந்தவற்றில் பெரும் பகுதி அந்தப் பேனா எழுதியதே.

உரோமையில் நடந்தது நேர் எதிரானது. கத்தோலிக்க உலகின் மாபெரும் ஆலயம் அரைத் தாளில் தொடங்கிற்று என்றால் பலர் நம்ப மாட்டார்கள். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1506 ஏப்ரல் 18 அன்று புதிய புனித பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் பிரமாந்தே. அவருடைய தோல் வரைபடம் பிளாரன்சில் உப்பிட்சி கலைக்கூடத்தில் இருக்கிறது. அது ஆலயத்தின் பாதியை மட்டுமே காட்டுகிறது. மறு பாதியும் இதே போன்றதா? அதாவது நான்கு கைகளும் சமமான சிலுவையா, ஒரு கை நீண்ட சிலுவையா? 500 ஆண்டுகளாக அறிஞர்கள் வாதிடுகிறார்கள். 1513இல் திருத்தந்தை இறந்தார். 1514இல் பிரமாந்தே இறந்தார். அவர் செய்த மாதிரியும் சில பகுதிகளில் முற்றுப்பெறாமல் நின்றதாகக் கட்டடக் கலை நூலாசிரியர் செர்லியோ எழுதி வைத்திருக்கிறார். நான்கு பெருந்தூண்கள் மட்டும் வானை நோக்கி நின்றன.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி திட்டத்தை மாற்றினர். ரஃபேல், பெருட்சி, சங்கால்லோ என்று பட்டியல் நீளுகிறது. ஒருவர் நீட்டினார், மற்றவர் குறுக்கினார். சங்கால்லோ 1539 முதல் 1546 வரை ஏழு மீட்டருக்கும் நீளமான மர மாதிரி ஒன்றைச் செய்வித்தார். ஆள் உள்ளே நுழைந்து பார்க்கலாம். அது முடிந்த ஆண்டே அவர் இறந்தார். அடுத்து வந்த மைக்கேல் ஆஞ்சலோ அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, பிரமாந்தேயின் முதல் எண்ணமே தெளிவானது என்று அதை நோக்கித் திரும்பினார். கட்டி எழுந்த சுவர்களில் சில இடிக்கப்பட்டன. எத்தனை ஏழைகளின் காணிக்கை அந்த இடிபாட்டில் போயிற்று என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. இப்பணிக்காகப் பணம் திரட்டிய முறையே 1517இல் லூத்தரின் எதிர்ப்புக்கு ஒரு காரணமாயிற்று என்பதையும் நாம் மறக்க இயலாது.

மைக்கேல் ஆஞ்சலோவும் மனிதரே. தம் ஓவியத் தாள்கள் பலவற்றைத் தாமே தீயிலிட்டவர். எண்பது வயது கடந்த பின், தமக்குப் பிறகு எவரும் குவிமாடத்தை மாற்றிவிடக் கூடாது என்று நண்பர்கள் வற்புறுத்தியதால், 1558 முதல் 1561 வரை அதற்கு மர மாதிரி செய்வித்தார். 1564இல் மறைந்தார். குவிமாடத்தை 1588க்கும் 1590க்கும் இடையே எழுப்பிய ஜாக்கோமோ தெல்லா போர்த்தா, மாதிரியைவிட உயரமான வளைவையே தேர்ந்தார். மாதிரி இருந்ததால்தான் அவர் எங்கே வேறுபட்டார் என்பதை நம்மால் சொல்ல முடிகிறது. 1626 நவம்பர் 18 அன்று திருத்தந்தை எட்டாம் உர்பன் பேராலயத்தை நேர்ந்தளித்தார்.

அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. பார்செலோனாவின் திருக்குடும்ப ஆலயத்துக்கு 1882இல், புனித சூசையப்பர் திருநாளன்று, அடிக்கல் நாட்டினார்கள். மறு ஆண்டே பொறுப்பேற்ற அந்தோனி கவுதி, தம் வாழ்நாளில் அது முடியாது என்பதை அறிந்திருந்தார். ஆகவே சுண்ண மாவால் பெரிய மாதிரிகளைச் செய்து வைத்தார். 1926இல் டிராம் வண்டி மோதி இறந்தார். 1936 ஜூலையில் உள்நாட்டுக் கலகத்தின்போது அவருடைய பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் நொறுங்கின. கலகம் ஓய்ந்த பின், அவருடைய சீடர்கள் சாம்பலிலிருந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகள். கவுதி தம் வளைவுகளை எல்லாம் திட்டவட்டமான கணித வடிவங்களிலிருந்து பிறப்பித்திருந்தார். எனவே ஒரு கையளவுத் துண்டு கிடைத்தாலும் முழு வளைவையும் கணக்கிட்டு மீட்க முடிந்தது. பிற்காலத்தில் கணிப்பொறியும் இதற்கு உதவியது. 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்த ஆலயத்தை நேர்ந்தளித்தார். துண்டு துண்டாகப் பொறுக்கிய ஆவணத்தின் மேல் எழுந்த ஆலயம் அது.

இவற்றையெல்லாம் படித்த பின் நம் பீரோவுக்கு மீண்டும் வருகிறோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மறைமாவட்ட ஆயரின் எழுத்து வடிவிலான இசைவு இல்லாமல் ஆலயம் கட்டலாகாது என்று 1215ஆம் சட்டத்தில் கூறுகிறது. வல்லுநர் அறிவுரையைக் கேட்க வேண்டும் என்கிறது 1216. பங்கில் ஆவணக் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது 535. சொத்துகளைக் கவனிப்போர் உரிமைகளுக்கு ஆதாரமான ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் காக்க வேண்டும் என்கிறது 1284. சட்டத்தில் குறையில்லை. இசைவுக் கடிதத்தைக் காக்கிறோம். எதற்கு இசைவு கேட்டோமோ அந்த வரைபடத்தைத்தான் தொலைத்துவிடுகிறோம்.

அன்பர்களே, ஆலயம் கட்டும் பங்குகள் இன்றும் பல. பொறியாளர் வீட்டிலும் ஒப்பந்தக்காரர் பையிலும் பொருளாளர் மகனின் கைப்பேசியிலும் ஆளுக்கொரு வரைபடம் இருக்கிறது. எது கடைசியாக முடிவானது என்று கேட்டால் மூவரும் மூன்றைக் காட்டுகிறார்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொரு தாளிலும் நாளும் வரிசை எண்ணும் இருக்கட்டும். தள்ளிய வரைபடத்தையும் எறியாமல், ஏன் தள்ளினோம் என்று அதன் முதுகில் இரண்டு வரி எழுதி வைக்கட்டும். கோபுரத்தை வலப்புறம் வைக்க எண்ணியதும், அங்கே பழைய கிணறு இருப்பதை அறிந்து இடப்புறம் மாற்றியதும் எழுத்தில் இல்லாவிட்டால், முப்பது ஆண்டுக்குப் பின் வரும் ஒருவர் அதே கிணற்றின் மேல் மேடை கட்டுவார். தேவைக் குறிப்பு, நில அளவை, மண் சோதனை, கோட்டோவியங்கள், கூட்ட முடிவுகள், மதிப்பீடு என்று காலத்தின் வரிசையில் ஒரே கோப்பில் நூலிட்டுக் கட்டி, ஒரு படியைப் பங்கிலும் மறு படியை ஆயர் இல்லத்திலும் வைத்தால் போதும். கணிப்பொறியில் இருக்கிறதே என்பார் உண்டு. அந்தக் கணிப்பொறி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும், அதைத் திறக்கும் சொல் யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் ஆலயத்தின் கதையை முடிக்கவில்லையே! பொறியாளர் இரண்டு இடங்களில் குழி தோண்டிக் கடைக்காலைப் பார்த்தார். கூரையின் மேல் பூச்சைக் கொத்தி எடுத்துக் கம்பிகளை எண்ணினார். சுவர் சுவராக அளந்து புதிதாக ஒரு வரைபடம் தயாரித்தார். சக்கிறீஸ்தை ஒட்டிய வடக்குச் சுவரின் ஓரத்தில் மட்டும் தோண்டவில்லை. பங்கின் முதல் குருவானவரின் கல்லறை அங்கே இருக்கிறது. எனவே வரைபடத்தில் அந்த இடத்தில், "ஆழம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். பேரவைச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஆயர் இல்லத்துக்கு அனுப்பும் பிளானில் இப்படி இருந்தால் நன்றாகவா இருக்கும் சாமி, எடுத்துவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றோம். அதன் கீழே அன்றைய நாளையும், தோண்டாததற்கான காரணத்தையும் எழுதச் சொன்னோம். ஒரு படி ஆயர் இல்லத்துக்குப் போயிற்று. மற்றொன்று திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் அதே தட்டில் இருக்கிறது.